மேடையில் வைத்துத் தந்தது

ஆகஸ்ட் 19, திங்கள்

டயறி எழுதுகிற ஆள் இல்லை நான். ஹன்னா எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். ஹன்னா சட்டம் படித்த வெள்ளைக்காரப் பெண். இந்த ஊர் அகதிகள் உதவி நிலையத்தில் சம்பளம் வாங்காமல் வந்து இருப்பவள். "நடந்ததை நடந்தபடி உன் மொழியிலேயே எழுது. நீதிமன்றுக்குத் தேவைப்பட்டால் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்" என்று நிலையத்து மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னாள். சரி, நடந்தது இது.

என் பெயர் கமலலோஜினி. எல்லாருக்கும் லோஜி. சொந்த ஊர் அச்சுவேலி. மகள் ஆரபிக்குப் பதினான்கு வயது. இங்கிலாந்துக்கு வந்து தஞ்சம் கேட்டு இரண்டு வருடமாகிறது. ஏன் வந்தாய் என்று கேட்கிற பெரிய விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு முடிவு சொல்லும்வரை வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். வேலை செய்யக் கூடாது என்பதால் இருக்க ஓர் அறையும், சாப்பாட்டுக்கு ஒரு கார்டும் தந்திருக்கிறார்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாயில் ஊட்டுகிற ஏற்பாடு. அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று அறையையும் கார்டையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். செப்டெம்பர் ஆறாம் தேதி நானும் மகளும் வெளியே போய்விட வேண்டுமாம். குற்றம், களவாக வேலை செய்து சம்பளம் வாங்கியது. எங்கே வேலை? அம்மன் கோவில் மடைப்பள்ளியில்.

மடைப்பள்ளி என்றால் கோவில் சமையலறை. திருவிழாவுக்கு வந்த சனத்துக்கு அன்னதானம் சமைத்தோம், சறோ அக்காவும் றஜிதாவும் நானும். சோறு வேகிற பெரிய கிடாரத்துக்கு முன்னால் நின்று நின்று என் கால் வீங்கிப்போனது. யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதை விட அங்கே நிற்பது மேல் என்று போனேன். அங்கே என்னை யாரும் அகதி என்று சொல்வதில்லை, "லோஜி, உப்புக் காணுமோ, இன்னும் போட வேணுமோ பார்" என்றுதான் கேட்பார்கள்.

திருவிழா முடிகிற பூங்காவனத்தன்று இரவு, கோவில் தலைவர் எங்கள் மூன்று பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு தட்டத்தில் சேலையும் பூவும் என்வலப்பும் வைத்துத் தந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கோவில்காரர் அதை வீடியோ எடுத்து "மடைப்பள்ளித் தாய்மாருக்கு மதிப்பளிப்பு" என்று தங்கள் பக்கத்தில் போட்டார்கள். எங்கள் சனத்துக்கு மரியாதை செய்தால் அதை உலகத்துக்குக் காட்ட வேண்டும். காட்டினார்கள். குடிவரவுத் திணைக்களம் பார்த்தது.

போன புதன்கிழமை, தஞ்சம் கேட்டவர்கள் முறைக்கு முறை போய்க் கையெழுத்து வைக்கிற அலுவலகத்தில் ஓர் அதிகாரி அந்த வீடியோவைப் போட்டு, "இது நீயா? இந்த உறைக்குள் என்ன இருந்தது?" என்று கேட்டான். கோவில் தந்த காசு, அப்படியே அம்மன் உண்டியலில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

ஹன்னா மேன்முறையீடு போட்டிருக்கிறாள். செப்டெம்பர் ஐந்தாம் தேதி லண்டனில் மன்று. அதில் தோற்றால் அடுத்த நாள் தெரு.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னை விசராக்குகிறது. வீடியோ பெரிய பிரச்சினை இல்லையாம். நான் சொன்ன பதில்தான் பிரச்சினையாம். "காசு கிடைத்தது என்று நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய்" என்றாள்.

"நான் வைச்சிருக்கேல்லையே. சாமிக்கு எல்லோ போட்டனான்."

"அது நீ செலவு செய்த விதம். வாங்கியது வாங்கியதுதான்."

கடவுளுக்குக் கொடுத்தால் அது செலவு. கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒருவர் மேல் களவு என்று சொல்லி, அவர் அதை அப்படியே உண்டியலில் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் சொன்னவன் வெட்கப்பட்டுப் போவான். இங்கே அதுவே வாக்குமூலம்.

கோவிலிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள். உறைக்குள் என்ன இருந்தது, எதற்காகத் தந்தது என்று. அதோடு என்னைப் பார்த்து, "நீ அதைத் திறந்து பார்த்தாயா?" என்று கேட்டாள்.

மேடையில் வைத்துத் தந்ததை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா? கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அப்படித்தான் சொன்னேன். அவள் எதையோ யோசித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

உடுப்புத் தோய்த்தேன். வோஷிங் மெஷின் நடுவில் நின்றுவிட்டது. பக்கத்து அறை செலாம் வந்து இரண்டு தட்டுத் தட்டி ஓட வைத்தாள். செலாம் எரித்திரியாக்காரி, கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆறாம் தேதி கதை அவளுக்கும் தெரிந்துவிட்டது. பொதுச் சமையலறையான குசினியில் என் பெயர் ஒட்டியிருந்த அலுமாரித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தட்டு யாருக்குப் போகும் என்று யோசித்தாளோ, எனக்காகக் கவலைப்பட்டாளோ தெரியாது. இரண்டும் இருக்கும். குறை சொல்ல மாட்டேன்.

ஆரபிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது. சப்பாத்து கடிக்கிறது என்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

தலைவரைப் பார்க்கப் போனேன். பரராஜசிங்கம். பலசரக்குக் கடை முதலாளி. கோவில் பரிபாலன சபைத் தலைவர் பதவியை அம்மன் வந்து கேட்டாலும் இவர் கொடுக்க மாட்டார்.

கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துத்தான் கதைத்தார். இருக்கச் சொல்லவில்லை.

"கேள்விப்பட்டனான் பிள்ளை. மனவருத்தமாக் கிடக்கு. என்ன வேணும், சொல்லு."

"ஒரு கடிதம் வேணும் தலைவர். அது சம்பளம் இல்லை எண்டு."

"ஓம், அதுக்கென்ன, தாறன். கோவில் அன்பளிப்பாக் காசு தந்தது, சம்பளம் இல்லை எண்டு எழுதித் தாறன்."

"காசு தந்தது எண்டு எழுதினா எனக்குத்தான் பிழை வரும் எண்டு லோயர் பிள்ளை சொல்லுது."

"அப்ப வேற என்னெண்டு எழுதிறது? தந்தது தந்ததுதானே. ஆண்டுக்கூட்டத்தில வாசிச்சும் போட்டம். மடைப்பள்ளிச் சேவைக்குச் சன்மானம் எண்டு. சபை முழுக்க ஓமெண்டிட்டுது."

  இரண்டு பேரும் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர், "மேடையில வெறுங்கையோட நிண்டால் வடிவில்லைத்தானே" என்றார், எதற்கு என்று இல்லாமல். வெளியே வரும்போது ஒரு பை கத்தரிக்காய் தந்தார். வாங்கவில்லை. அதையும் யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இந்தப் பக்கத்தை ஹன்னாவுக்குக் கொடுக்கப் போவதில்லை.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஆரபி கையைக் கழுவாமல் நின்றாள்.

"அம்மா, ஹன்னாட்ட என்ன சொன்னனீங்கள்? உண்டியல்ல போட்டது எண்டோ?"

"ஓம்."

"நீங்கள் உண்டியல்ல போடேல்லை."

"வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு."

"கோவிலுக்குப் பின்னால குப்பைத் தொட்டியில போட்டனீங்கள். நான் செருப்பு எடுக்க வந்தனான். கண்டனான்."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் பின்வாங்கவும் இல்லை. "காசு இருந்தால் குப்பையில போடுவியளோ?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, கேள்வி கேட்கப் பழகிவிட்டாள். நல்லதுதான். எனக்கு எதிராகப் பழகியிருக்கத் தேவையில்லை.

சோறு ஆறிப்போனது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வங்கி விடுமுறை. ஊர் முழுக்கத் தூங்குகிறது. எழுதிவிடுகிறேன்.

அந்த என்வலப் வெறும் என்வலப். உள்ளே ஒன்றும் இல்லை. மேடையில் கையில் வாங்கினபோதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணில் ஒற்றினேன், சிரித்தேன், படத்துக்கு நின்றேன். இறங்கிப் போய்க் கழிவறைக்குள் நின்று பிரித்துப் பார்த்தேன். ஒரு தாள்கூட இல்லை. காசு வேண்டும் என்று நான் போகவில்லை. சேலையோடு விட்டிருந்தால் சந்தோஷமாக வந்திருப்பேன். ஆனால் இவளுக்கு வெறும் உறை போதும், இவள் அகதிதானே, வாயைத் திறக்க மாட்டாள் என்று ஒருவர் கணித்து, அதை ஒட்டி, தட்டத்தில் வைத்துத் தந்திருக்கிறார். மற்ற இரண்டு பேருக்கும் முறையாகக் கொடுத்திருப்பார், அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள். கோவிலுக்குப் பின்னால் போய் அந்த உறையைக் குப்பையில் எறிந்தேன்.

அப்படியானால் அந்த அதிகாரியிடம் ஏன் காசு என்று சொன்னேன்? அவனிடம் நான் சொல்லவில்லை. போனில் ஒரு தமிழ் ஆள் இருந்தார், மொழிபெயர்ப்பாளர். குரலைக் கேட்டாலே எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. அதிகாரி கேட்டதை அவர் தமிழில் கேட்டார்: "என்வலப்புக்குள்ள என்ன தந்தவை, அக்கா?" அந்த அக்கா என்ற சொல்லுக்குப் பிறகு, ஒன்றும் தரவில்லை, வெறும் உறை தந்து ஏமாற்றினார்கள் என்று எந்த வாயால் சொல்வது? கோவில் மானம் ஒரு பக்கம். என் மானம் ஒரு பக்கம். காசு தந்தார்கள், நான் அம்மனுக்கே போட்டேன் என்றேன். அந்த ஆள் "நல்லது அக்கா" என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சிக்குத்தான் இப்போது அறையைக் கேட்கிறார்கள். திணைக்களத்தின் மேல் எரிச்சல், தலைவர் மேல் எரிச்சல், என் வாய் மேலே அதை விட எரிச்சல்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆரபியின் சப்பாத்துக்குள் பழைய துணி வைத்துத் தைத்தேன். இப்போது கடிக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பூசை முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டுவிட்டேன். மூன்று பேரும்தான் நின்றோம். சறோ அக்கா இங்கே வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது, பிரித்தானியப் பிரஜை, பஸ் கொம்பனியில் வேலை செய்து ஓய்வெடுத்தவ. றஜிதா கலியாணம் கட்டி வந்தவள், புருஷன் தலைவரின் கடையில்தான் வேலை.

"சறோ அக்கா, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?"

"கோவிச்சா நீ கேக்காம விடப்போறியே? கேளன்."

"மேடையில தந்த என்வலப்பில உங்களுக்கு என்ன இருந்தது?"

சறோ அக்கா கழுவின அகப்பையையே திரும்பவும் கழுவினா. றஜிதா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். 

"உனக்கு எவ்வளவு வைச்சவை?" என்றா சறோ அக்கா.

"எனக்கு வெறும் என்வலப்."

"என்னடி சொல்லுறாய்?" அகப்பையைக் கீழே வைத்தா. "எனக்கும் ஒண்டும் இல்லை. நான் நினைச்சன், இவளுக்குப் பென்சன் வருகுதுதானே எண்டு எனக்கு மட்டும் வைக்கேல்லை, உங்கள் ரெண்டு பேருக்கும் குடுத்திருப்பினம் எண்டு. பிள்ளையளுக்குக் கிடைச்சாச் சரி எண்டு பேசாம இருந்தன்."

றஜிதா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அதுதான் அக்கா" என்றாள். "இவர் அங்க வேலை செய்யிறார்தானே, சம்பளத்தோட சரி எண்டு விட்டிட்டினமாக்கும் எண்டு நினைச்சன். இவரிட்டயும் சொல்லேல்லை. காசு வந்தது, பிள்ளைக்குச் செலவழிச்சிட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

முதலில் சறோ அக்காதான் சிரித்தா. பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், கிடாரத்தைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அவமானம் என்று மறைத்து வைத்துக்கொண்டு, ஒருத்தியின் முகத்தை மற்றவள் பார்க்காமல் இத்தனை நாள் காய் வெட்டியிருக்கிறோம். அந்த மனிதர் எங்களை நன்றாக அறிந்திருக்கிறார். பிரித்துப் பார்ப்பாள்கள், ஆனால் சொல்ல மாட்டாள்கள். அந்தச் சிரிப்பு நிற்கும்போது, சபையில் வாசித்த சன்மானக் காசு யார் பைக்குள் போனது என்று யோசித்தேன்.

மன்றுக்கு வந்து சொல்லுவீர்களா என்று கேட்டேன். றஜிதா அழத் தொடங்கினாள். புருஷனின் வேலை போய்விடும் என்றாள். அவளை வற்புறுத்தவில்லை. அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. சறோ அக்கா கையைத் துடைத்துவிட்டு, "எனக்கு என்ன வேலை போகப்போகுது? வாறன்" என்றா.

செப்டெம்பர் 1, ஞாயிறு

தலைவர் எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார். சறோ அக்கா யாரிடமோ சொல்லி, அது நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தங்கச்சி, கோவிலைக் கோட்டில ஏத்திப்போடாத. சபைக் கணக்கைத் தோண்ட வெளிக்கிட்டாங்கள் எண்டால் கோவிலையே பூட்டிப்போடுவாங்கள். எங்கட சனத்துக்கு இந்த ஊரில கிடக்கிறது உது ஒண்டுதான்."

"எனக்கு இந்த ஊரில கிடக்கிறது இந்த அறை ஒண்டுதான்."

சட்டைப் பையிலிருந்து ஓர் என்வலப்பை எடுத்தார். இந்த முறை தடிப்பாக இருந்தது. "இதை அண்டைக்குத் தந்ததா நினை. அப்ப நீ சொன்னதும் பொய்யில்லை, நாங்கள் வாசிச்சதும் பொய்யில்லை. ஒருதருக்கும் பிரச்சினை இல்லை."

யோசித்துப் பார்த்தால் இந்த மனிதருக்கு மூளை இருக்கிறது. இதை வாங்கினால் நான் உண்மையாகவே குற்றவாளி. அதை அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"அண்டைக்குத் தந்திருந்தா அண்டைக்கே கும்பிட்டு வாங்கியிருப்பன். இண்டைக்கு எடுத்துக்கொண்டு போங்கோ."

கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு ஆரபியைப் பார்த்தேன். படிப்பதுபோலப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

ஹன்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ சொன்ன பொய் எனக்கு விளங்குகிறது. ஆனால் கவனம். நீ அதிகாரியிடம் பொய் சொன்னாய் என்று மன்றில் சொன்னால் அறை கிடைக்கலாம். அதைத் திணைக்களம் எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு உன் தஞ்ச விசாரணையில், இந்தப் பெண் பொய் சொல்கிறவள் என்று அதையே எடுத்துப் போடுவார்கள். அங்கே உன் வார்த்தையைத் தவிர உனக்கு வேறு சாட்சி குறைவு."

ஆகவே அவளுடைய திட்டம் இது. முதலில் அவள் சட்டத்தைப் பேசுவாள். உதவியை நிறுத்துவதற்கு முன் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும், பிள்ளையின் நிலையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் திணைக்களம் செய்யவில்லை. அதிலேயே வென்றால் நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் நானும் சறோ அக்காவும் சொல்வது.

"உன்னால் பேசாமல் இருக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன்.

செப்டெம்பர் 5, வியாழன்

விடிய முதலே ரயில் ஏறினோம், நான், ஆரபி, ஹன்னா, சறோ அக்கா. சறோ அக்கா இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தா. மன்று என்றால் பெரிய மண்டபம் என்று நினைத்திருந்தேன். ஒபிஸ் அறை, நீள மேசை, தண்ணீர்ப் போத்தல். நீதிபதி ஒரு வயதான பெண்; மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நேராக முகத்தைப் பார்க்கிற ஆள். திணைக்களத்துக்காக ஓர் இளைஞன் மடிக்கணினியோடு இருந்தான். எனக்கு மகனாக இருக்கிற வயது. பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அம்மா, நேரே வந்து இருந்தா.

ஹன்னா தொடங்கினாள். நன்றாகப் பேசினாள். நீதிபதி இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டா. பிறகு அந்த இளைஞனின் முறை. அவன் கோபமில்லாமல், மரக்கறிக்கடையில் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான்: வீடியோ இருக்கிறது. பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்து நாள் முழுநேரமாகச் சமைத்திருக்கிறார். "பக்தி என்பது இங்கே வேலையை மறைக்க ஒரு சாட்டு."

மொழிபெயர்ப்பாளர் அம்மா அந்த வரியைத் தமிழில் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினா. தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

எழும்பிவிட்டேன். ஹன்னா கையைப் பிடித்தாள். உதறினேன்.

"நான் பொய் சொன்னனான்," என்றேன். "உள்ளுக்க ஒண்டும் இல்லை. வெறும் என்வலப். எங்கட கோவில் எங்களுக்கு வெறும் என்வலப்பைத் தந்து படம் எடுத்தது. அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது, அதால காசு எண்டு சொன்னனான். ஆனா நான் சமைச்சது சாட்டு இல்லை. நீங்கள் என்னை ரெண்டு வருசமா ஒண்டும் செய்யாத எண்டு அறைக்குள்ள வைச்சிருக்கிறியள். செய்யாட்டிச் சோம்பேறி எண்டு உங்கட பேப்பரில எழுதுறாங்கள். சாமிக்குச் செய்தாக் களவு எண்டுறியள். அப்ப நான் என்னதான் செய்யிறது? எந்தச் சட்டத்தில அதை எழுதியிருக்கு? காட்டுங்கோ."

சறோ அக்காவும் எழும்பி, யாரும் கேட்காமலே, "எனக்கும் ஒண்டும் வைக்கேல்லை, மை லேடி" என்று ஆங்கிலத்தில் சொன்னா. வருடக்கணக்காகப் பஸ்ஸில் சனத்தை அடக்கின குரல். மொழிபெயர்ப்பாளர் அம்மா தண்ணீர் குடித்தா.

நீதிபதி என்னை இருக்கச் சொன்னா. கோபிக்கவில்லை. பதினைந்து நிமிடம் வெளியே நிற்க வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு முடிவைச் சொன்னா. நான் வென்றேன். உதவியை நிறுத்த முன் என்னிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், பிள்ளை எங்கே போவாள் என்று பார்த்திருக்க வேண்டும், இரண்டும் நடக்கவில்லை. கோவிலில் சேவைக்கு மரியாதையாகத் தருவது சம்பளம் ஆகாது. "ஆகவே அந்த உறைக்குள் என்ன இருந்தது என்று நான் தீர்மானிக்கத் தேவையில்லை" என்று முடித்தா.

தேவையில்லை. அந்தச் சொல் மொழிபெயர்ந்து வந்து சேரும்போது ஹன்னா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். அந்த இளைஞன் மட்டும் இன்னும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தான். நீதிபதி பேசி முடித்த பிறகும் தட்டினான். அவன் எதை எழுதுகிறான் என்று எனக்கு இங்கிலீஷ் தெரியாமலே தெரியும்.

ரயிலில் சறோ அக்கா இடியப்பப் பொட்டலத்தை விரித்தா. ஆரபி மூன்று சாப்பிட்டாள். என் பங்கையும் அவள் பக்கம் தள்ளினேன். சட்டம் நல்லாய்த்தான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதை எழுதினவர்கள் வாசிக்காமல் எங்களை வெளியே போடுகிறார்கள், பிறகு நாங்கள் ரயில் ஏறிப் போய் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு மனிசி என்னென்ன சொல்லித் தொலைக்கிறாள் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

செப்டெம்பர் 6, வெள்ளி

அறையில்தான் இருக்கிறோம். செலாம் கோப்பி வறுத்து, இடித்து, முறையாகப் போட்டுத் தந்தாள். குசினி முழுக்க மணம்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். மடைப்பள்ளிக்குள் இனி சபை அனுமதித்தவர்கள் மட்டும்தானாம், பலகை போட்டிருக்கிறார்கள். சனம் என்னைக் கண்டு விலகி நின்றது. றஜிதா மட்டும் வந்து, யாரும் பார்க்காதபோது, கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அம்மனைக் கும்பிட்டேன். அம்மனோடு எனக்குக் கோபம் இல்லை.

ஒக்டோபர் 3, வியாழன்

பெரிய விசாரணைக்கு நாள் வந்துவிட்டது. பதினேழாம் தேதி. ஹன்னா சந்தோஷப்பட்டாள், பிறகு சந்தோஷத்தை நிறுத்திக்கொண்டாள். "அந்தப் பொய்யைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்" என்றாள். தெரியும்.

ஒக்டோபர் 17, வியாழன்

முதல் மணித்தியாலம் பெயர், ஊர், பிறந்த தேதி, வந்த வழி. அதிகாரி ஒரு பெண். மரியாதையான ஆள், தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்டா. மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆம்பிளை. பிறகு ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டா: "செப்டெம்பர் ஐந்தாம் தேதி ஒரு நீதிபதி முன்னால், அரசாங்க அதிகாரியிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டீர்கள். சரியா?"

"சரி."

"அப்படியானால் இன்று நீங்கள் சொல்லப் போவதை நான் ஏன் நம்ப வேண்டும்?"

இத்தனை நாள் இதற்கு ஒரு பதிலை ஹன்னாவோடு இருந்து மனப்பாடம் செய்திருந்தேன். அது வரவில்லை. வேறுதான் வந்தது.

"அண்டைக்கு நான் சொன்ன பொய்யால எனக்கு என்ன லாபம் வந்தது, அதை முதல்ல எழுதுங்கோ," என்றேன். "உண்மை சொல்லியிருந்தா அண்டைக்கே என்னை விட்டிருப்பியள். காசு தரேல்லை எண்டது உண்மை. அதை மறைச்சு, காசு தந்தவை எண்டு சொல்லி, நான்தான் தெருவுக்குப் போக வெளிக்கிட்டனான். பொய் சொல்லிப் பிழைக்கத் தெரிஞ்ச ஆள் அப்பிடிச் சொல்லுமே? எனக்குப் பொய் வாறது வெக்கத்தில. ஏமாந்தனான் எண்டு சொல்ல வெக்கம். இண்டைக்கு நான் சொல்ல வந்ததில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. என்ரை தம்பியை ஆமிக்காரர் வீட்டில வைச்சுக் கூட்டிக்கொண்டு போனவங்கள். ஒரு கேள்வி கேட்டிட்டு விடுறம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவன் திரும்பி வரேல்லை. எங்க எண்டு நான் ரோட்டில நிண்டு கேட்டதுக்கு என்னையும் தேடி வந்தவங்கள். வெக்கப்பட வேண்டியது அவங்கள். அதில நான் ஏன் பொய் சொல்லப்போறன்?"

மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன். சொல்லி முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது.

அதிகாரி தாளை ஒரு பக்கம் வைத்தா. நம்பினாவா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அதைக் காட்டக் கூடாது என்று படிப்பித்திருப்பார்கள்.

"உங்கள் தம்பியின் பெயர்?" என்றா.

சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னா. ஆங்கில எழுத்து மட்டும் தெரியும், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பிறகு எழுந்து மேசைக்கு மேலால் கணினித் திரையை எட்டிப் பார்த்தேன். பிழையாக அடித்திருந்தா. அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வைத்தேன்.